ஏழை சொல் அம்பலம் ஏறும்!

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது நாட்டிலே நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. பழமொழி பொய் சொல்லாது என்பார்கள். இருக்கட்டும், அது எந்தக் காலத்து உண்மையைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டாமா? அம்பலம் ஊர்ப் பெரிய மனிதர்களின் கையிலே இருந்த காலம் அது. அங்கே உட்கார்ந்தவனுக்கு நிலம் இருந்தது, பத்திரம் இருந்தது, பேசுவதற்கு வாயும் இருந்தது. வாசலிலே நின்றவனுக்கு இருந்ததெல்லாம் பட்ட பாடு ஒன்றுதான். அதைச் சொன்னால் ‘உன் தலைவிதி’ என்று இரண்டே வார்த்தையில் தீர்ப்பு எழுதி அனுப்பி விட்டார்கள்.

இப்போது புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஏழையின் கதைக்குக் கிராக்கி ஏறியிருக்கிறது. மூட்டை தூக்கியவரின் மகன் டாக்டரானான்; பூக்கட்டியவரின் மகள் பட்டம் பெற்றாள்; பிளாட்பாரத்தில் படுத்துறங்கியவர் கடை முதலாளியானார்! படம் பிடித்துப் போடுகிறார்கள், பாராட்டுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை முன்னுக்கு வந்தால் நம்மைவிட மகிழ்கிறவர் யார்? ஆனால் ஒரு கேள்வி. மகன் படித்த கதையை விரிவாகச் சொல்லுகிறவர்கள், தந்தையின் முதுகு ஏன் வளைந்தது என்று கேட்பதில்லையே, ஏன்? பள்ளத்திலிருந்து ஏறி வந்தவனின் படம் வருகிறது. பள்ளத்தைத் தோண்டியவனின் பெயர் மட்டும் வருவதே இல்லை.

நூறு பேர் விழுந்த பள்ளத்திலிருந்து ஒருவன் ஏறி வந்தால், அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவோம். அத்தோடு நம் வேலை முடிந்து விடுமா? மீதி தொண்ணூற்றொன்பது பேர்? ‘அவனைப் போல நீயும் ஏறி வா’ என்று அவர்களுக்குப் புத்தி சொல்லி விட்டுப் போவதா, பள்ளத்தை மூடுவதா? இதுதான், தோழர்களே, நம் முன்னால் நிற்கும் கேள்வி. இதற்குப் பதில் தேடிப் புத்தகசாலைக்குப் போக வேண்டியதில்லை. திருச்சிக்குப் போனால் போதும். பொன்மலைக்கும் காந்தி மார்க்கெட்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போனால் போதும்.

நாகையிலிருந்து பொன்மலைக்கு

தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தொழிற்சாலை ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலே இருந்தது. கடற்கரை ஊரிலே தலைமுறையாகச் சம்மட்டி பிடித்த குடும்பங்கள் அவை. வெள்ளைக்காரக் கம்பெனி கணக்குப் பார்த்தது. தொழிற்சாலைகளை ஒரே இடத்தில் குவித்தால் லாபம் என்று கண்டது. திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் பெரிய பட்டறையை எழுப்பியது. இடம் மாறுவது இயந்திரங்கள் மட்டுமா? சட்டி பானையோடு, கிழவன் கிழவியோடு, கைக்குழந்தையோடு குடும்பங்கள் புறப்பட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும்.

அதுவும் போதவில்லை கம்பெனிக்கு. ஆட்குறைப்பு என்றது. திறமைப் பரீட்சை என்றது. இருபது வருஷம் கொல்லன் உலையிலே நின்றவனைப் பார்த்து, ‘உனக்கு வேலை தெரியுமா என்று சோதிக்கப் போகிறேன்’ என்றது. தலைக்கு மேல் தொங்கியது ஆயிரக்கணக்கான தொழிலாளரின் பிழைப்பு. 1928 ஜூலையிலே வேலைநிறுத்தம் வெடித்தது. சென்னையிலே 1923-ல் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் அந்தப் போராட்டத்திலே தொழிலாளரோடு நின்றார். முகுந்தலால் சர்க்கார் நின்றார். அடக்குமுறை கட்டவிழ்த்து விடப்பட்டது. பத்து நாட்களுக்குச் சற்று மேல் தாங்கிய போராட்டம் ஒடுக்கப்பட்டது. சதி வழக்கு வந்தது. எழுபதை நெருங்கிக் கொண்டிருந்த சிங்காரவேலருக்குப் பத்து ஆண்டுத் தண்டனை என்றார்கள். மேல் முறையீட்டிலே அது ஒன்றரை ஆண்டாகக் குறைந்தது.

தோற்ற போராட்டம்தான். அதை மறைத்துப் பேசுவானேன்? ஆனால் தோற்றவர்கள் பொன்மலைக்குக் கொண்டு வந்தது எதை? நாகையிலே பட்ட பாட்டை. அதைத் தங்களுக்குள் பேசிக் கொள்ளும் பழக்கத்தை. ‘எனக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?’ என்று ஒவ்வொருவனும் தனித்தனியே கேட்டுக் கொண்டிருந்த கேள்வி, ‘நமக்கு ஏன் இந்தக் கதி?’ என்று மாறியது. ‘எனக்கு’ என்பது ‘நமக்கு’ என்று ஆவதற்குள் எத்தனை கண்ணீர் சிந்த வேண்டியிருக்கிறது! ஆனால் அந்த ஒரு சொல் மாறிய இடத்திலேதான் சங்கம் பிறக்கிறது.

ஒரு தாயின் அடுப்பு

பொன்மலையின் கதையை ஆண்களின் கதையாக மட்டும் சொல்லுகிறவன் பாதிக் கதையைத்தான் சொல்லுகிறான். காரைக்கால் பக்கத்திலிருந்து, கணவனை இழந்த ஒரு தாய், குழந்தைகளோடு பொன்மலைக்கு வந்து சேர்ந்தார். கைம்பெண்ணுக்கு அந்தக் காலத்திலே இருந்த வழி என்ன? மூலையிலே முடங்குவது, இல்லையென்றால் உறவினர் வீட்டில் அடுப்பூதி அவமானப்படுவது. அந்தத் தாய் இரண்டையும் ஏற்கவில்லை. ரயில்வே தொழிலாளருக்குச் சோறு சமைத்துப் போட்டுப் பிழைத்தார், பிள்ளைகளை வளர்த்தார்.

சாப்பாட்டு வேளையிலே தொழிலாளி வேறென்ன பேசுவான்? மேஸ்திரி போட்ட அபராதம், வீட்டிலே படுத்திருக்கும் பிள்ளை, அரிசி விலை, நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்ற பயம். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தது ஒரு சின்னப் பெண். பெற்றோர் இட்ட பெயர் தனலட்சுமி. தொழிலாளிகள் அழைத்த பெயர் பாப்பா. பொன்மலைப் பாப்பா! பள்ளிக்கூடத்துப் பாடத்துக்கு முன்னாலே தொழிலாளியின் துயரக் கதைதான் அவருக்கு அரிச்சுவடி. பன்னிரண்டு வயதிலே போராட்டத்தில் இறங்கிக் கைதானார். வயது போதாதென்று விட்டு விட்டார்கள். சர்க்காருக்கு வயது போதாத சிறுமி. அநியாயத்தை அறிந்து கொள்ளவோ அந்த வயது போதுமானதாக இருந்தது!

நாடு விடுதலை பெற்றது. கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டிருந்த ஆண்டுகள் வந்தன. தாயும் மகளும் சிறைக்குப் போனார்கள். சிறையிலே உண்ணாவிரதம் நடந்தது. சோறு பொங்கிப் பிறர் பசியாற்றிய அந்தத் தாய், பட்டினி கிடந்து சிறையிலேயே உயிர் நீத்தார். தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க மகள் கேட்டார். ‘கட்சியை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடு, பார்க்கலாம்’ என்பதுதான் அதிகாரிகள் வைத்த நிபந்தனை. மகள் எழுதிக் கொடுக்கவில்லை. தாயின் முகத்தையும் பார்க்கவில்லை.

தோழர்களே, இதைப் படித்து விட்டு ‘என்ன மனவுறுதி!’ என்று வியந்து அடுத்த பக்கத்தைப் புரட்டி விடலாம். அப்படிப் புரட்டுவதற்கு எழுதப்பட்ட கதையல்ல இது. ஒரு மகளைத் தாயின் பிணத்தைக் காட்டி பேரம் பேசியது யார், எந்த ஆட்சி, எதற்காக என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அந்த உறுதிக்குப் பொருள் விளங்கும். பாப்பா உமாநாத் அந்தக் கேள்வியைத்தான் வாழ்நாள் முழுதும் கேட்டார். பெண்கள் இயக்கத்தைத் தமிழ்நாட்டிலே கட்டி எழுப்பினார். 1989-ல் பொன்மலையை அடுத்த திருவெறும்பூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். 2010-ல் மறைந்தார். அடுப்படியிலே கேட்ட சொல் சட்டசபை வரையிலே ஏறியது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று சொன்னவர் யார்?

சங்கம் திடல்

யுத்தம் முடிந்தது 1945-ல். ரயில்வே தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? யுத்த காலம் முழுவதும் இரவு பகலாய் வண்டிகளை ஓட வைத்த கைகளுக்கு, விலைவாசி ஏற்றமும் ஆட்குறைப்புப் பயமும்தான் பரிசு. தென்னிந்திய ரயில்வே 1944-ல் கம்பெனி கையிலிருந்து சர்க்கார் கைக்கு மாறியிருந்தது. முதலாளி மாறினான், முறை மாறவில்லை. 1946 ஆகஸ்டிலே தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கியது.

செப்டம்பர் 2-ல் டெல்லியிலே நேருவின் தலைமையில் இடைக்கால சர்க்கார் பதவியேற்றது. சென்னையிலே பிரகாசத்தின் காங்கிரஸ் மந்திரிசபை நடந்து கொண்டிருந்தது. ‘நம்மவர் ஆட்சி வந்து விட்டது’ என்று தோரணம் கட்டிய கை இன்னும் ஓயவில்லை. மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 5-ல், பொன்மலை சங்கம் திடலிலே மலபார் ஸ்பெஷல் போலீசின் துப்பாக்கி வெடித்தது. தங்கவேலு, ராஜு, ராமச்சந்திரன், தியாகராஜன், கிருஷ்ணமூர்த்தி ஆகிய ஐந்து தோழர்கள் பிணமாய்ச் சாய்ந்தார்கள். கேட்டது கூலி, கிடைத்தது குண்டு.

ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ல் பொன்மலையிலே அவர்களுக்குச் செங்கொடி தாழ்த்தி வணக்கம் செலுத்துகிறோம். பெயர்களை உரக்கச் சொல்லுகிறோம். நல்லது. ஆனால் பெயரைச் சொன்னால் மட்டும் போதுமா? அந்த ஐந்து வீட்டிலும் அன்று மாலை அடுப்பு எரிந்ததா? அடுத்த மாதம் வாடகை கொடுத்தது யார்? எந்தத் தோழரின் வீட்டிலிருந்து அரிசி போயிற்று? விதவையான மனைவியிடம், தாயிடம், தெருவார் என்ன சொன்னார்கள்? சரித்திரப் புத்தகம் எழுதுகிறவர் இதைத் தேட மாட்டார். தேதியும் எண்ணிக்கையும் போதும் அவருக்கு. ஆனால் போராட்டம் என்பது திடலில் மட்டுமா நடந்தது? அடுப்படியில் நடந்தது, ரேஷன் கடை வரிசையில் நடந்தது, கடன் கொடுத்தவன் வாசலில் நடந்தது. அந்தப் போராட்டத்தின் வீரர்களுக்குக் கல்வெட்டு இல்லை.

1946-ல் இருபது வயது வாலிபனாய் இருந்தவர் இன்றிருந்தால் நூறைத் தொடுவார். அந்தத் தலைமுறை போய் விட்டது. அவர்கள் சொல்லாமல் போனது எவ்வளவோ! கேளாமல் விட்டது அதைவிட அதிகம்.

இருபது நாள்

1974 மே மாதம் 8-ந் தேதி. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையிலே இந்தியா முழுவதும் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம். இருபது நாள் நீடித்தது. போனஸ் கேட்டார்கள், எட்டு மணி நேர வேலை கேட்டார்கள், மற்றப் பொதுத்துறைத் தொழிலாளிக்கு நிகரான சம்பளம் கேட்டார்கள். பதிலுக்கு நாடெங்கும் ஆயிரக்கணக்கானவர் கைதானார்கள். ஆயிரக்கணக்கானவர் வேலை இழந்தார்கள். குவார்ட்டர்சிலிருந்து குடும்பங்களைச் சாமான்களோடு தெருவுக்கு விரட்டினார்கள். மே மாத முடிவிலே போராட்டம் நிபந்தனையின்றி வாபஸ் பெறப்பட்டது.

அதுவும் தோல்வியென்றே அன்று எழுதினார்கள். ஆனால் 1977-ல் ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள். 1979-ல் ரயில்வே தொழிலாளிக்கு உற்பத்தித்திறனோடு இணைந்த போனஸ் கிடைத்தது. இன்று தீபாவளிக்கு முன்னால் போனஸ் வாங்கிப் பிள்ளைக்குச் சட்டை எடுக்கும் இளம் தொழிலாளியே, உன் கையில் இருப்பது யார் போட்ட பிச்சையுமல்ல. அந்த இருபது நாளிலே எங்கோ ஒரு தாய் தாலியை அடகு வைத்து வாங்கிய அரிசியிலே அதற்கு வித்து விழுந்தது. அந்தத் தாய் யார், எந்தத் தெருவிலே இருந்தாள் என்று உனக்குத் தெரியுமா? உன் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியாகக்கூட இருக்கலாம். 1974-ல் இருபத்தைந்து வயதினருக்கு இன்று எழுபத்தைந்து கடந்து விட்டது. கேட்பதானால் இப்போதே கேட்க வேண்டும்.

மார்க்கெட்டும் மாலைத் தெருவும்

பொன்மலைக்குச் சங்கம் இருந்தது, திடல் இருந்தது. அதனால் அதன் கதை ஓரளவுக்காவது நமக்குக் கிடைத்தது. திருச்சியிலே சங்கமில்லாத, திடலில்லாத பாட்டாளிகள் எத்தனை ஆயிரம்!

காந்தி மார்க்கெட்டிலே ஊர் உறங்கும் நேரத்தில் லாரிகள் வந்து நிற்கின்றன. வெங்காய மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் முதுகிலே ஏறுகின்றன. விடிந்தபின் பை தூக்கிக் கொண்டு போகிறவனுக்குக் காய்கறி தெரிகிறது. அதை இறக்கியவனின் கழுத்து நரம்பு தெரிவதில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானம் போன்ற இடங்களுக்கு மாதக்கணக்கில் மாறியது. வியாபாரிக்கு நஷ்டம் என்று பத்திரிகைகள் எழுதின. அன்றாடக் கூலிக்காரன் வீட்டில் எரியாத அடுப்புக்கு எந்தப் பத்திரிகையில் இடம் கிடைத்தது?

ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். எட்டரை, கோப்பு போன்ற ஊர்களிலிருந்து மல்லிகையும் முல்லையும் வருகின்றன. சாத்தாரத் தெருவிலே பூ வியாபாரம் நடக்கிறது. ஏழு மதில் சூழ்ந்த கோவிலுக்கும், ஊரிலே நடக்கும் கலியாணத்துக்கும், காரியத்துக்கும் மாலை வேண்டும். கட்டுவது யார்? பெரும்பாலும் பெண்கள். நார் அறுத்த விரலோடு, குனிந்த கழுத்தோடு உட்கார்ந்து கட்டுகிறார்கள். முகூர்த்த நாளில் பூ விலை ஏறினால் அது பத்திரிகைச் செய்தி. கட்டுகூலி ஏறினதாகச் செய்தி வந்ததுண்டா? மார்கழியில் பனியும், ஆடியில் காற்றும், காவிரியும் கொள்ளிடமும் கரை புரண்டால் வெள்ளமும் முதலில் தட்டுவது அவர்கள் வீட்டுக் கதவைத்தான்.

வெள்ளம் என்றதும் 1977 நவம்பரை மறந்தவர் திருச்சியிலே இருக்க முடியாது. புயல் மழை, கோரையாறும் உய்யக்கொண்டானும் கரை மீறின, நகரத்துக்குள் ஆறு நடந்து வந்தது. மச்சு வீட்டுக்காரன் மாடியேறினான். குடிசைக்காரன் எதன்மேல் ஏறுவான்? ‘இயற்கைக்கு ஏழை பணக்காரன் பேதமில்லை’ என்று பேசுகிறார்களே, அது சுத்தப் பொய்! மழைக்கு வேண்டுமானால் பேதமில்லாமல் இருக்கலாம். வாய்க்கால் ஓரத்தில் யார் குடியிருக்க வேண்டும், மேட்டில் யார் குடியிருக்க வேண்டும் என்று தீர்மானித்தது மழையா?

இன்னொரு கூட்டத்தாரைப் பாருங்கள். திருச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டியவர்கள். வீட்டு முன்கட்டிலே சக்கரம் சுழலும். தூசியும் இரைச்சலும் நிறைந்திருக்கும். கண்ணை இடுக்கி, கடுகளவு கல்லிலே முகம் முகமாய்த் தீட்டிய அந்தக் கைகளின் திறமைக்கு ஈடேது? ஊரார் மூக்குத்தியும் கம்மலும் மின்னின. தீட்டியவனின் கண் மங்கியது. பிறகு வெளிநாட்டு யந்திரக் கல் வந்து குவிந்தது. சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவரவர் அவரவர் வீட்டிலே தனியே உட்கார்ந்து தொழில் செய்தார்கள். தனியே அதை இழந்தார்கள். ஒரு தொழிற்சாலையை மூடினால் வாசலிலே ஆயிரம் பேர் கூடுவார்கள். ஆயிரம் வீட்டிலே ஆயிரம் சக்கரம் நின்றால் எங்கே கூடுவது? பொன்மலைக்கும் பட்டை தீட்டியவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். துயரம் குறைவென்பதில்லை, திடல் இல்லை.

இன்றைய வாலிபனுக்கோ வீடுகூடப் பட்டறையில்லை. தில்லைநகரிலும் மெயின்கார்டு கேட்டிலும் முதுகிலே பெட்டி கட்டிக் கொண்டு மோட்டார் சைக்கிளில் பறக்கிறானே, அவனுக்கு முதலாளியின் முகம் தெரியாது. செல்போன்தான் மேஸ்திரி. அபராதம் போடுவதும் அதுதான். வேலையை நிறுத்துவதும் அதுதான். 2023 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. வாரியம் என்ற வாசல் திறந்திருக்கிறது; உள்ளே போய்த் தன் பாட்டைச் சொல்ல அவன் ஒருவனாய்ப் போவானா, ஊராய்ப் போவானா என்பதுதான் கேள்வி.

வெட்கத்தை உடைத்தவர்கள்

‘மானத்தோடு வாழ்கிறவன் கஷ்டத்தை வெளியே சொல்லுவானா?’ என்று கேட்பவர் உண்டு. அவருக்கு நான் கல்மந்தையைக் காட்டுகிறேன். திருச்சி நகரத்திலே உழைப்பாளிகள் நெருங்கி வாழும் பகுதி. கழிப்பிட வசதியின்மை பெண்களுக்கு எப்படிப்பட்ட சித்திரவதை! இருட்டும் வரையிலே காத்திருக்க வேண்டும். நோயைப் பொறுக்க வேண்டும். யாரிடமும் சொல்லவும் கூடாது. சொல்லக் கூசும் துயரம் அதைப் போல வேறுண்டா? அந்தப் பெண்கள் கூடிப் பேசினார்கள். தொண்டு நிறுவனம் துணை நின்றது. பொதுக் கழிப்பிடத்தின் நிர்வாகத்தைத் தாங்களே குழுவாக ஏற்று நடத்தினார்கள். 2002-ல், திறந்தவெளிக் கழிப்பிடம் இல்லாத முதல் குடிசைப் பகுதி என்று நாட்டிலே கல்மந்தை பெயர் பெற்றது.

மானம் எங்கே போயிற்று? போகவில்லை, வந்தது! மறைத்து வைத்தபோது அது ஒவ்வொருத்தியின் வெட்கம். சேர்ந்து சொன்னபோது நகரசபையின் வெட்கம். வெட்கப்பட வேண்டியவன் யாரோ, அவன் தலையிலே வெட்கத்தை இறக்கி வைக்க வேண்டுமானால் வாய் திறந்துதான் ஆக வேண்டும்.

எழுதி வைத்த சொல்

‘கஷ்டத்தைப் பேசினால் சோறு வருமா?’ என்று இன்னொருவர் கேட்கிறார். சீமை வரையிலே போவோம். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களிலே பச்சைக் குழந்தைகளும் பெண்களும் இருட்டிலே வண்டி இழுத்தார்கள். விசாரணைக் கமிஷன் ஒன்று அந்தக் குழந்தைகளின் வாய்மொழியை அப்படியே எழுதி 1842-ல் வெளியிட்டது. படித்த நாடு அதிர்ந்தது. அதே ஆண்டிலே, பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாதென்று சட்டம் வந்தது. முதலாளிகளுக்கு ஒரே இரவில் நெஞ்சு இளகி விட்டதென்று எண்ணிவிடாதீர்கள். குழந்தைகளின் சொல் காகிதத்தில் ஏறியது. மறுக்க வழியில்லாமல் போயிற்று.

மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட ‘மூலதன’த்தின் முதல் பாகத்தைப் புரட்டிப் பாருங்கள். கணக்கும் தத்துவமும் மட்டுமா இருக்கின்றன? லண்டனிலே சீமாட்டிகளுக்கு உடை தைக்க இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் உழைத்து, 1863-ல் இருபது வயதிலே செத்துப் போன மேரி ஆன் வாக்லி என்ற தையற்காரப் பெண்ணின் பெயரும் இருக்கிறது. உலகத்தையே புரட்டிய நூலிலே ஓர் ஏழைப் பெண்ணின் கதைக்கு இடம் தந்தார் மார்க்ஸ். நம் தீர்மானங்களிலே நம் தெருப் பெண்ணின் கதைக்கு இடமில்லையென்றால், குறை தீர்மானத்தில்தான்.

வெறும் கதை போதுமென்று நான் சொல்லவில்லை. தனியே சொன்னால் புலம்பல். கேட்டவர் கண்ணைத் துடைத்துக் கொண்டு போய் விடுவார். பத்துப் பேர் சொல்ல, பத்தையும் அடுக்கிப் பார்த்தால் ஒரே கை பத்துக் கழுத்திலும் இருப்பது தெரியும். அப்போதுதான் கதை கோரிக்கையாகிறது. கோரிக்கைக்குப் பின்னால் கூட்டம் வரும். கூட்டத்துக்குப் பின்னால் சங்கம் வரும்.

என்ன செய்வது?

நாடாளுமன்றத்திலே 29 தொழிலாளர் சட்டங்களை 2019, 2020 ஆண்டுகளில் நான்கு தொகுப்புகளாய்ச் சுருக்கினார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு, ஆட்குறைப்புக்கு அனுமதி எல்லாவற்றிலும் முதலாளிக்குத் தோது. அந்த 29 சட்டத்தில் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒரு தொழிலாளியின் கதை இருந்தது. கதை மறந்த வர்க்கத்திடமிருந்து சட்டத்தைப் பிடுங்குவது சுலபம். எதற்காக அது வந்தது என்றே தெரியாதவன், போகும்போது எப்படிக் கூக்குரல் போடுவான்?

ஆகவே கிளைத் தோழர்களுக்கு நான்கு வேலைகள். கிளைக் கூட்டம் தொடங்குமுன் ஒரு தோழர், பத்து நிமிஷம், தன் வேலையையும் வீட்டையும் பற்றிச் சொல்லட்டும். மற்றவர் குறுக்கிடாமல் கேட்கட்டும். 1974-ஐக் கண்ட பெரியவர்களை, முக்கியமாகத் தாய்மார்களை, வீடு தேடிப் போய் அவர்கள் சொல்வதை நோட்டுப் புத்தகத்திலோ செல்போனிலோ பதிந்து வையுங்கள். 1982-ம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் நலவாரியம் இருக்கிறது. சுமைக்காரரும் பூக்கட்டும் தாய்மாரும் அதிலே பதிந்திருக்கிறார்களா என்று தெருத் தெருவாய்ப் பாருங்கள், இல்லாதவரைப் பதிய வையுங்கள். கடைசியாக, கேட்ட கதைகளிலே திரும்பத் திரும்ப வரும் குறையை எடுத்து, அதைத் தெருவின் கோரிக்கையாக்கி மாநகராட்சி வாசலுக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் கொண்டு போங்கள்.

பாராட்டுக்காகக் கதை கேட்பவர் கேட்டுக் கொண்டு போகட்டும். நாம் கேட்பது பள்ளத்தை மூட. காந்தி மார்க்கெட்டின் முதுகும், சாத்தாரத் தெருவின் விரலும், பட்டை தீட்டியவனின் கண்ணும் ஒன்றையொன்று கேட்டு அறிந்து கொள்ளும் நாளில் திருச்சிக்கு இன்னொரு சங்கம் திடல் கிடைக்கும். அன்றைக்கு அம்பலம் யாருடையது என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

பழமொழியை மாற்றி எழுதுவோம், தோழர்களே! ஏழை சொல் தனியே ஏறாமல் போகலாம். ஏழைகள் சொல் ஏறும். ஏறியே தீரும்!